குழந்தையின் அறைக்குத் துணியில் பெயர்த் தோரணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனித் துணிக் கொடியில் தைத்து, கொடிகளையெல்லாம் ஒரே பட்டியில் கோத்துச் சுவரில் கட்டுவதையே இங்கே பெயர்த் தோரணம் என்கிறோம். இதற்குக் கிடைக்கும் வெட்டு மாதிரிகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காகப் போடப்பட்டவை. அந்த எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம்; மேலே புள்ளியும் விசிறியும் (‘கி’, ‘கீ’யில் மேலே வரும் வளைவு) கிடையாது, கீழே இறங்கும் காலும் அநேகமாகக் கிடையாது. தமிழ்ப் பெயரை அதே மாதிரியில் ஏற்றினால் புள்ளி பட்டிக்குள் போய்விடும், கொம்பு ஓரத்தில் இடிக்கும். அதனால் கீழே உள்ள அளவுகளைத் தமிழ் எழுத்தை வைத்தே போட்டிருக்கிறோம்.

எத்தனை கொடி வேண்டும்? எழுத்தை எப்படி எண்ணுவது?

பள்ளியில் எண்ணுவதைப் போலவே எண்ணுங்கள். உயிர்மெய் ஒன்று, மெய் ஒன்று, உயிர் ஒன்று. ‘யாழினி’ என்றால் யா, ழி, னி என மூன்று கொடி. ‘ஆதிரை’க்கும் மூன்று. ‘இளவேனில்’ என்றால் இ, ள, வே, னி, ல் என ஐந்து. ‘கார்த்திக்’குக்கும் கா, ர், த், தி, க் என ஐந்துதான்.

கணினியிலோ கைப்பேசியிலோ எழுத்து எண்ணிக்கை பார்த்தால் கூடுதலாகக் காட்டும். அங்கே காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. அந்த எண்ணை நம்பித் துணி வெட்டாதீர்கள்.

‘வே’யின் கொம்பையும் ‘வ’வையும் இரண்டு கொடிகளில் பிரிக்கவே கூடாது. ‘யா’வில் உள்ள காலும் அப்படித்தான். பிரித்துவிட்டால் படிக்கிறவர் கண் அதை இரண்டு எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ இரண்டையும் ஒவ்வொரு கொடியிலேயே வையுங்கள்.

முக்கோணக் கொடி நல்லதா, செவ்வகக் கொடியா?

தமிழ் எழுத்துக்குச் செவ்வகம்தான். முக்கோணம் கீழே போகப் போகக் குறுகும். ழ, த, ந, ர, பு போன்றவற்றுக்கோ இடம் தேவைப்படுவதே கீழேதான். முக்கோணத்துக்குள் அடக்கப் பார்த்தால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும். பக்கத்துக் கொடியில் உள்ள எழுத்து பெரிதாகத் தெரியும். வரிசை கோணலாகிவிடும்.

செவ்வகம் மொட்டையாகத் தெரிந்தால் கீழ் விளிம்பை மாற்றலாம். இரண்டு மூலைகளையும் அரைவட்டமாக வளைக்கலாம். அல்லது கீழ் விளிம்பின் நடுவில் 3 செ.மீ. உயரத்துக்கு, கவிழ்த்த ஆங்கில V வடிவில் உள்ளே வெட்டலாம். இரண்டாவதில் உள்முனை வரை கத்தரி போட்டால்தான் திருப்பும்போது சுருக்கம் விழாது. ஆனால் தையலுக்கு 1 மி.மீ. முன்பே கத்தரியை நிறுத்திவிட வேண்டும். புதிதாகத் தைப்பவர்கள் நேர் விளிம்போடு தொடங்குவதே நல்லது.

கொடியின் அளவு என்ன? எழுத்து எங்கே உட்கார வேண்டும்?

தைத்து முடித்த கொடி 18 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம். இந்த 22 செ.மீ.யை மேலிருந்து கீழாக இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: பட்டி மூடும் பகுதி 1.25, இடைவெளி 2, புள்ளிக்கும் விசிறிக்கும் 3.5, எழுத்தின் உடல் 8, கீழே இறங்கும் பகுதிக்கு 3.5, மீதி 3.75 அடி இடைவெளி.

இதில் முக்கியமானது எழுத்தின் உடல். ‘ப’வோ ‘ம’வோ எவ்வளவு உயரமோ அதுதான் உடல் உயரம். எல்லாக் கொடிகளிலும் உடலின் மேல்கோடும் கீழ்கோடும் ஒரே இடத்தில் வர வேண்டும்: கொடியின் மேல் விளிம்பிலிருந்து 6.75 செ.மீ.யில் ஒரு கோடு, 14.75 செ.மீ.யில் இன்னொரு கோடு. நான்கு கோடு நோட்டில் எழுதுவது போலத்தான். எழுத்தைக் கொடியின் நடுவில் ‘கண்ணுக்குச் சரியாக’ வைப்பவர்கள் தவறுவது இங்கேதான். ‘ல்’ஐப் புள்ளியோடு சேர்த்து நடுவில் வைத்தால் ‘ல’ கீழே இறங்கிவிடும். பக்கத்தில் உள்ள ‘ள’ மேலே நிற்கும்.

பெயரில் கீழே இறங்கும் எழுத்தே இல்லையென்றால் இரண்டு கோடுகளையும் 1 செ.மீ. கீழே தள்ளுங்கள். இல்லாவிட்டால் எழுத்துகள் மேலே தொங்குவதுபோல் இருக்கும்.

கொம்பும் காலும் வைத்த எழுத்து கொடிக்குள் அடங்கவில்லையே?

18 செ.மீ. கொடியில் இரு பக்கமும் 2 செ.மீ. விட்டால் எழுத்துக்கு 14 செ.மீ. கிடைக்கும். தனி எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடும். ‘ணை’, ‘கோ’, ‘யோ’ போன்றவை 8 செ.மீ. உடல் உயரத்தில் 20 செ.மீ.யைக்கூடத் தாண்டலாம்.

முதல் வேலையாகப் பெயரிலேயே அகலமான எழுத்தைத் தாளில் வரைந்து அளந்துவிடுங்கள். 14 செ.மீ.க்கு மேல் ஒன்றிரண்டு செ.மீ.தான் கூடுகிறது என்றால், எல்லா எழுத்துகளின் உடல் உயரத்தையும் 7 செ.மீ. ஆக்குங்கள். அதற்கு மேல் என்றால் அந்த எழுத்தின் கொடியை மட்டும் அகலமாக வெட்டுங்கள். உயரமும் கொடிகளுக்கு இடையிலான இடைவெளியும் ஒன்றாக இருக்கும்வரை அகல வேறுபாடு உறுத்தாது. ஓர் எழுத்தை மட்டும் பக்கவாட்டில் நெருக்கி ஒல்லியாக்குவதுதான் உறுத்தும், அதைச் செய்யாதீர்கள்.

கொம்புக்கும் எழுத்துக்கும் இடையே 8 மி.மீ. முதல் 1 செ.மீ. வரை இடைவெளி போதும். ஓரத்தில் ஜிக்ஜாக் ஓடும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 3 மி.மீ.யை அது தின்றுவிடும். தாளில் 5 மி.மீ. விட்டால் துணியில் இரண்டும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும்.

ஐந்து எழுத்துப் பெயருக்கு எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

110 செ.மீ. பன்னா (அகலம்) உள்ள துணியில் இரு கரையையும் கழித்தால் 106 செ.மீ. பயன்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத் துண்டுகளை முதலில் 24 × 27 செ.மீ. ஆக, பெரிதாகவே வெட்ட வேண்டும் (காரணம் பின்னால் வருகிறது). ஒரு வரிசையில் நான்குதான் வரும். ஐந்துக்கு இரண்டு வரிசை, 54 செ.மீ. கோணல் வெட்டுக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து 60 செ.மீ. வாங்குங்கள். பின்பக்கத் துண்டு 20 × 23 செ.மீ.; ஒரே வரிசையில் ஐந்தும் அடங்கும், 30 செ.மீ. வாங்கினால் போதும். எழுத்துகளுக்கு 20 செ.மீ. பட்டிக்கு 5 செ.மீ. அகலத்தில் இரண்டு நீளத்துண்டு, ஆக 10 செ.மீ.; 15 ஆக வாங்குங்கள்.

முன்பக்கத்துக்கு அடியில் ஒட்ட மெல்லிய ஒட்டு கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி), முன்துண்டின் அளவிலேயே. எழுத்துகளுக்கு இருபக்கமும் ஒட்டும் பசைத்தாள் (ஒரு பக்கத்தில் உரித்தெடுக்கும் தாள் உள்ளது), எழுத்துக்கு 16 × 16 செ.மீ. வீதம், அகலமான எழுத்துக்கு 16 × 24. சட்டைக் காலருக்குப் போடும் கெட்டி பக்ரம் வேண்டாம். கொடி அட்டைபோல் விறைத்துவிடும், மூலை திரும்பாது.

வீட்டில் மிச்சம் கிடக்கும் துணியிலேயே முழுத் தோரணத்தையும் தைக்கலாம். அப்போது கொடிகள் பல நிறமாக இருந்தாலும் எழுத்துகள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும். பெயரை ஒன்றாகப் பிடித்து வைப்பது அதுதான்.

எந்தத் துணி சரி? முன்கூட்டியே நனைக்க வேண்டுமா?

பாப்ளின் போன்ற நெருக்கமான பருத்தித் துணி எல்லாவற்றுக்கும் ஏற்றது. இழை அசையாது, இஸ்திரிச் சூடு தாங்கும், மடிப்பு நிற்கும். லினனும் நல்லதே, ஆனால் எழுத்துக்கு வேண்டாம், ஓரம் பிரியும். சாட்டின், வழுக்கும் பட்டு இரண்டும் ஒட்டு கேன்வாஸ் இல்லாமல் நிற்காது. பனியன் துணி இழுபடும்; குழந்தையின் பழைய சட்டையிலிருந்து கொடி வெட்ட ஆசைப்பட்டால் வெட்டுவதற்கு முன்பே அதன் உள்பக்கத்தில் கேன்வாஸ் ஒட்டிவிடுங்கள்.

நனைக்கத்தான் வேண்டும். பருத்தி முதல் நனைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். எழுத்து ஒரு துணி, கொடி ஒரு துணி. ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் எழுத்தைச் சுற்றிலும் அலை அலையாக எழும்பும். அதை எந்த இஸ்திரியும் சரிசெய்யாது. சிவப்பு, கருநீலம், கறுப்பு என்றால் சாயமும் பாருங்கள்: ஈரத் துணியை வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரி போட்டு அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் வேறு துணியைத் தேடுங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல வழி உண்டு. எழுத்துத் துணியைக் கொடித் துணிமேல் வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நேரில் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூரத்திலிருந்து பெயரைப் படிக்க முடியாது. பெரிய பூப் போட்ட துணி கொடிக்கு வேண்டாம், பின்பக்கத்துக்குப் போடுங்கள்.

எழுத்து வடிவத்தை எங்கிருந்து எடுப்பது?

தடித்த, எல்லா இடத்திலும் ஒரே தடிமன் உள்ள எழுத்துரு வேண்டும். 8 செ.மீ. உடலுக்குக் கோட்டின் தடிமன் 1.2 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 1.5 இருந்தால் தைக்கச் சுகம். மெலிந்தும் தடித்தும் ஓடும் அழகெழுத்து தாளில் நன்றாக இருக்கும். துணியில் மெலிந்த இடம் முழுவதையும் தையலே மூடிவிடும்.

கணினியில் 400 புள்ளி அளவு வைத்து ‘ப’வை அச்சிட்டு உயரத்தை அளங்கள். 6.4 செ.மீ. வந்தால், 400 × 8 ÷ 6.4 = 500. இனி எல்லா எழுத்துகளையும் 500இல் அச்சிடலாம். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். அதனால் அளக்காமல் விடாதீர்கள். சில பழைய மென்பொருள்களில் கொம்பு புள்ளிவட்டத்தோடு தனியாக விழும், அல்லது எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதை அப்படியே வெட்டிவிடாமல் வேறு மென்பொருளில் தட்டச்சிடுங்கள்.

வெட்டும் முன், ண, ழ, ஞ, இ போன்றவற்றின் உள்வட்டங்களைப் பாருங்கள். உள்ளே 6 மி.மீ.க்குக் குறைவான ஓட்டை இருந்தால் ஜிக்ஜாக் அதை அடைத்துவிடும். பென்சிலால் ஓட்டையைச் சற்று அகட்டி வரைந்துகொள்ளுங்கள். எழுத்தின் அடையாளம் கெடாதவரை இந்த உரிமை உங்களுக்கு உண்டு.

எழுத்தைத் துணியில் ஒட்டுவது எப்படி? கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வந்துவிட்டதே?

பசைத்தாளின் வழவழப்பான தாள் பக்கத்தில் எழுத்தைத் திருப்பி வரைய வேண்டும். அந்தத் தாள் எழுத்துத் துணியின் உள்பக்கத்தில் ஒட்டப்படுகிறது. துணியை நல்ல பக்கம் திருப்பும்போது வரைந்தது இடம் வலம் மாறிவிடும். நேராக வரைந்தால் ‘ட’ திரும்பி நிற்கும். அச்சிட்ட தாளைக் கவிழ்த்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கத்திலிருந்து பார்த்து வரைவது எளிய வழி. எல்லா எழுத்தையும் வரைந்த பிறகு தாளைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பெயரை ஒருமுறை படியுங்கள். சரியாகப் படிக்க முடிந்தால் தாள் சரி.

வரைந்ததைச் சுற்றி 5 மி.மீ. விட்டுத் தாளை வெட்டி, எழுத்துத் துணியின் உள்பக்கத்தில் வைத்து இஸ்திரியால் அழுத்துங்கள். ஆறிய பின் கோட்டின் மீதே வெட்டுங்கள். உள்வட்டங்களை முதலில், வெளிக்கோட்டைக் கடைசியில். வெளியே வெட்டிவிட்டால் பிடிக்க இடம் இருக்காது, உள்ளே வெட்டும்போது மெலிந்த இடம் கிழியும். கத்தரியை நிலையாகப் பிடித்துத் துணியைச் சுழற்றினால் வளைவு வழுவழுப்பாக வரும்.

முன்துண்டின் உள்பக்கத்தில் கேன்வாஸ் ஒட்டி, நல்ல பக்கத்தில் 18 × 22 செவ்வகத்தையும் இரண்டு உடற்கோடுகளையும் தையல் சாக்கால் மெல்ல வரையுங்கள். நீரில் மறையும் பேனாவை இங்கே பயன்படுத்த வேண்டாம். அதன்மேல் சூடு பட்டால் கோடு நிரந்தரமாகப் பதிந்துவிடக்கூடும். சூட்டில் மறையும் பேனா என்றால் ஒட்டும்போதே கோடு போய்விடும்.

பின் தாளை உரித்து, எழுத்தைக் கோடுகளுக்கிடையே வைத்து ஒட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால் எழுத்து நகரும். எத்தனை விநாடி, நீராவி வேண்டுமா வேண்டாமா என்பது தாளுக்குத் தாள் மாறும். உறையில் உள்ள குறிப்பைப் படித்து, ஒரு துண்டில் சோதித்துவிட்டு எழுத்துக்கு வாருங்கள். அளவுக்கு மேல் சூடு காட்டினால் பசை துணிக்குள் இறங்கிவிடும், அப்புறம் பிடிக்காது.

எழுத்தின் ஓரத்தை எப்படித் தைப்பது?

நெருக்கமான ஜிக்ஜாக், அதாவது சாட்டின் தையல். அகலம் 3 மி.மீ., நீளம் 0.4 மி.மீ. புள்ளிக்கும் சிறு வட்டங்களுக்கும் அகலத்தை 2 ஆகக் குறையுங்கள். ஊசி 80 (12ஆம் எண்). டெனிம் கொடி என்றால் 90 (14). மேல்நூல் டென்ஷனை ஒரு படி தளர்த்துங்கள். அப்போது முடிச்சு அடிப்பக்கம் இழுபடும், பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்காது. துணிக்கு அடியில் ஒரு மெல்லிய தாள் வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுத்தால் துணி சுருங்காது.

ஊசி வலப்பக்கம் இறங்கும்போது எழுத்துக்கு வெளியே, துணி ஓரத்தை ஒட்டி விழ வேண்டும்; இடப்பக்கம் எழுத்தின் மேல். தமிழ் எழுத்து முழுக்க வளைவுதான், அதனால் திருப்புவதைத்தான் பழக வேண்டும். வெளிவளைவில் ஊசி வெளியே இறங்கி நிற்கும்போது அழுத்துக்காலைத் தூக்கித் துணியைச் சற்றுத் திருப்புங்கள். உள்வளைவில் ஊசி எழுத்தின் மேல் இறங்கி நிற்கும்போது திருப்புங்கள். இதை மாற்றிச் செய்தால் தையலுக்கு நடுவே முக்கோண இடைவெளி விழும். ‘ழ’வின் அடிச்சுழிபோல் இறுகிய இடத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒருமுறை திருப்ப வேண்டியிருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள், தோரணத்தின் அழகு அங்கேதான் இருக்கிறது.

நேரான இடத்தில் தொடங்குங்கள், முனையில் வேண்டாம். தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டால் அடியில் நூல் குவியாது.

ஜிக்ஜாக் இல்லாத மிஷின்தான் இருக்கிறது. முடியுமா?

தாராளமாக முடியும். எழுத்தை ஒட்டியபின் ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே நேர்த்தையல் போடுங்கள், நீளம் 2 மி.மீ.; முதல் சுற்றுக்கு 1 மி.மீ. உள்ளே இரண்டாவது சுற்று. ஓரம் சற்றுப் பஞ்சுபோல் பிரியும், ஆனால் பசை இருப்பதால் தையலைத் தாண்டாது. கால்மிஷினில் வேகம் உங்கள் காலில் இருப்பதால் வளைவுக்கு இது நன்றாகவே வரும். இறுகிய வளைவில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

மிஷினே இல்லாவிட்டால் எழுத்துகளை ஃபெல்ட்டில் வெட்டுங்கள். அதன் ஓரம் பிரியாது. ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து, 45 செ.மீ. நீளத்துக்கு மேல் போகாமல் வெட்டி, 4 மி.மீ. இடைவெளியில் கம்பளித் தையல் போடுங்கள். நூல் நீளமானால் முறுக்கி முடிச்சு விழும்.

மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பட்டன் தைக்கலாமா?

அழகாகத்தான் இருக்கும். ஆனால் சின்னக் குழந்தையின் அறைக்கு வேண்டாம். 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுவதும் அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கும் ஆபத்து உள்ளதாகவே கருதப்படுகிறது. பட்டனும் மணியும் சலங்கையும் அதற்குள் எளிதாக அடங்கும். நூல் ஒருநாள் தேயும்.

புள்ளியைத் துணியிலேயே செய்யுங்கள். 2 செ.மீ. விட்டத்தில் அட்டை வட்டம் ஒன்று, 4 செ.மீ. விட்டத்தில் துணி வட்டம். துணியின் ஓரத்தில் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு, அட்டையை நடுவில் வைத்து நூலை இழுத்தால் துணி அட்டையைச் சுற்றிக்கொள்ளும். இஸ்திரி போட்டு, ஆறியதும் நூலைத் தளர்த்தி அட்டையை உருவி, மறுபடி இழுத்து முடியுங்கள். உருண்டையான புள்ளி கிடைக்கும். கொடியில் வைத்துக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். 2 செ.மீ. வட்டத்தைச் சுற்றிச் சாட்டின் தையல் ஓட்டி அறுகோணமாக்குவதைவிட இது வேகம்.

புள்ளி எழுத்தின் உடலுக்கு மேல் 7 மி.மீ. விலகி நிற்கட்டும். எல்லாப் புள்ளியும் ஒரே உயரத்தில் வர வேண்டும்.

எழுத்தைத் தைத்ததும் துணி சுருங்கிக் கோணலாகிவிட்டதே?

நெருக்கமான தையல் துணியை உள்ளே இழுக்கும். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் சில மி.மீ. போகும். அதற்காகத்தான் முன்துண்டை 24 × 27 ஆக வெட்டச் சொன்னோம். எழுத்துத் தையல் முடிந்து, அடித்தாளைக் கிழித்து, உள்பக்கத்திலிருந்து இஸ்திரி போட்டபிறகு, உடற்கோடுகளை வைத்து மறுபடி அளந்து 20 × 23 ஆக வெட்டுங்கள். மேல் விளிம்பு மேல் உடற்கோட்டிலிருந்து 6.75 செ.மீ.யில் வர வேண்டும். பக்கங்களில் தலா 1 செ.மீ.யும் அடியில் 1 செ.மீ.யும் தையலுக்கு. மேலே தையல் விட வேண்டியதில்லை, பட்டி அதை மூடிக்கொள்ளும்.

எழுத்துக்கு அருகே மட்டும் குமிழ் எழுந்தால் அடியில் தாள் வைக்கவில்லை, அல்லது மேல்நூல் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். நூல் அடிக்கடி அறுந்தால் ஊசியைப் பாருங்கள். பசை ஏறிப் பிசுபிசுத்திருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போகும். தைப்பதற்கான பசைத்தாள் அல்லாமல் தையலே வேண்டாத கெட்டிப் பசைத்தாளை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை தீராது.

கொடியை மூடித் தைப்பது எப்படி?

முன்துண்டும் பின்துண்டும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க, இரு பக்கமும் அடியும் 1 செ.மீ. உள்ளே தையுங்கள். மேலே திறந்தே இருக்கட்டும். தையல் நீளம் 2.5 மி.மீ. மூலையில் உள்ள துணியைத் தையலுக்கு 2 மி.மீ. தள்ளிக் குறுக்காக வெட்டிவிட்டுத் திருப்புங்கள். மூலையைத் தள்ள மழுங்கிய பின்னல் ஊசி போதும். கத்தரி முனையால் குத்தினால் ஓட்டையாகும். இஸ்திரி போட்டு, விரும்பினால் ஓரத்திலிருந்து 3 மி.மீ.யில் ஒரு நேர்த்தையல். முன்துணி வெளிர் நிறமாகவும் பின்துணி அடர்நிறமாகவும் இருந்தால் தையல் விளிம்பு நிழலாடும்; பின்துணியையும் வெளிராக எடுப்பது நல்லது.

பட்டி எவ்வளவு நீளம்? கிராஸ் பட்டிதான் வேண்டுமா?

ஐந்து கொடி 90 செ.மீ., நான்கு இடைவெளி 4 செ.மீ. வீதம் 16, கட்டுவதற்கு இரு நுனியிலும் 45 செ.மீ. வீதம் 90. மொத்தம் 196 செ.மீ.

துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டி எடுக்கும் கிராஸ் பட்டி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கழுத்து, கை போன்ற வளைவுகளில் இழுபட்டு உட்காரத்தான் கிராஸ் வெட்டு. தோரணம் நேராகத் தொங்குவது. இழுபடும் பட்டி கொடிகளின் கனத்தில் நாளடைவில் நீண்டு தொய்யும். நேர் இழையில் 5 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டு, விரித்து, இரு ஓரத்தையும் நடுமடிப்புக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் 1.25 செ.மீ. பட்டி. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது 45 பாகை சாய்வில் இணையுங்கள். தடிப்பு ஒரே இடத்தில் குவியாது.

பட்டியின் நடுவைக் கண்டுபிடித்து, நடுக்கொடியை முதலில் வையுங்கள். இரட்டைப்படை என்றால் நடு இடைவெளியை. அங்கிருந்து இருபுறமும் குண்டூசி குத்திக்கொண்டே போங்கள். ஓர் ஓரத்திலிருந்து தொடங்கினால் சிறு சிறு பிழைகள் சேர்ந்து கடைசிக் கொடியில் தெரியும். குத்தியதும் சுவரில் பிடித்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். வரிசை மாறியிருந்தால் இப்போது மாற்றுவது எளிது. பட்டியை மடிக்கும்போது பின்பாதி 2 மி.மீ. அதிகமாக இருக்கட்டும். முன்பக்கம் பார்த்துத் தைக்கும்போது பின்பக்கம் தப்பாமல் தையலில் மாட்டும்.

சுவரில் கட்டினால் நடுவில் மிகவும் தொய்கிறதே?

பட்டியில் சிறிது தளர்வு விட்டாலே நிறையத் தொய்யும். 180 செ.மீ. இடைவெளியில் இரண்டு கொக்கி இருந்தால், பட்டி 183 செ.மீ. இருந்தாலே நடுவில் ஏறக்குறைய 15 செ.மீ. கீழே இறங்கிவிடும். அதற்கு மேல் போனால் ஓரக் கொடிகள் உள்நோக்கிச் சாய்ந்து எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டுவதுபோல் தெரியும். செவ்வகக் கொடிக்கு 5 செ.மீ. தொய்வே அழகு. ஐந்து கொடித் தோரணத்தின் கனம் ஏறக்குறைய 100 கிராம்தான்; ஒட்டும் கொக்கியே தாங்கும்.

எங்கே கட்டக் கூடாது?

தொட்டிலுக்கும் குழந்தையின் கட்டிலுக்கும் மேலே கட்டாதீர்கள். கட்டிலில் எழுந்து நின்று கை நீட்டினாலும் எட்டாத இடமாக இருக்க வேண்டும். குழந்தை பிடித்து இழுத்தால் பட்டி கழுத்தில் சுற்றக்கூடும். கட்டிய பிறகு தொங்கும் நுனிகளை வெட்டிவிடுங்கள், அல்லது கொக்கிக்குப் பின்னால் சுருட்டித் தைத்துவிடுங்கள். விளக்குக்கும் ஹீட்டருக்கும் அருகிலும் வேண்டாம். நேர் வெயில் படும் சுவரில் சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும்.

அழுக்கானால் எப்படிக் கழுவுவது?

பெரும்பாலும் தூசிதான், உதறினால் போகும். கழுவத்தான் வேண்டுமென்றால் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கையால் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாகக் காயவைத்து, உள்பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். ஊறவைக்காதீர்கள், பசை விடும்.

பெயர் ஏழெட்டு எழுத்து நீளம். என்ன செய்யலாம்?

எட்டுக் கொடி என்றால் 18 × 8 + 4 × 7 = 172 செ.மீ., கட்டுநுனி தனி. சுவரில் இடம் இருந்தால் அப்படியே தைக்கலாம். இல்லாவிட்டால் உடல் உயரத்தை 6 செ.மீ. ஆக்கி, கொடியை 14 × 17 ஆகக் குறையுங்கள். கோட்டின் தடிமனை மட்டும் 1.2 செ.மீ.க்குக் கீழே விடாதீர்கள். முன்பெயரும் பின்பெயரும் உள்ள பெயரை இரண்டு தோரணமாக ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டலாம். நடுக்கொக்கி இல்லாமல் ஒரே தோரணத்தில் பெயரை மடக்கி இரண்டு வரியாக்க வேண்டாம். வீட்டில் கூப்பிடும் பெயர் குட்டியாக இருந்தால் அதையே தைப்பது இன்னும் நல்லது. எழுத்துப் படிக்கத் தொடங்கும் குழந்தை முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பெயரைத்தான்.